இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் காரில் குழந்தை சீட்: எது சேரும், எப்படிப் பூட்டுவது?

#1 · ஈசூன்86

இருப்பது சிங்கப்பூரில். கார் டொயோட்டா ஜிஆர்86, இரண்டு கதவு, 2+2 (முன்னால் இரண்டு சீட், பின்னால் இரண்டு சின்ன சீட்). இன்னும் இரண்டு மாதத்தில் பச்சைக்குழந்தை வரப்போகிறது. காரை மாற்றும் எண்ணம் இல்லை, சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமச் சான்று) இன்னும் ஏழு வருஷம் பாக்கி. பின்னால் இரண்டு பக்கமும் ஐசோஃபிக்ஸ் இருக்கு. கடையில் கேட்டால் "ஐசோஃபிக்ஸ் இருக்குல்ல, அப்ப எந்த சீட்டும் சேரும்" என்கிறார்கள். அப்படியா? பிறந்ததிலிருந்து நாலு வயசு வரைக்கும் ஒரே சீட், 360 பாகை சுற்றும் வகை, அதை வாங்கினால் போதுமா? இடது பக்கமா, வலது பக்கமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 · திருகாணி

கொக்கி சேரும். சீட் சேருமா என்பது வேறு கேள்வி.

ஐசோஃபிக்ஸ் என்பது சாய்மானமும் இருக்கைப் பஞ்சும் சந்திக்கும் இடுக்கில் இருக்கும் 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு இரும்புக் கம்பிகள். இரண்டுக்கும் இடையே 280 மி.மீ. எந்த நாட்டுக் காரானாலும் அதே அளவுதான். அதனால் 'க்ளிக்' சத்தம் எல்லாக் காரிலும் கேட்கும். அதற்குப் பிறகு சீட்டின் ஓடு முன்சீட்டில் இடிக்குமா, தலைப்பகுதி பின்கண்ணாடியில் முட்டுமா, சப்போர்ட் லெக் தரையில் ஊன்றுமா என்பதைக் கம்பி சொல்லாது.

அதைச் சொல்வது காரின் கையேட்டில் உள்ள அட்டவணை. ஒவ்வொரு இருக்கைக்கும் என்னென்ன அளவு வகை ஏறும் என்று அதில் போட்டிருக்கும். பின்னோக்கிய சீட்டுகளுக்கு ஆர்1, ஆர்2, ஆர்3. முன்னோக்கியவற்றுக்கு எஃப்2, எஃப்2எக்ஸ், எஃப்3. பூஸ்டருக்கு (பெரிய பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) பி2, பி3. பழைய கையேடுகளில் இதே வரிசை ஈ, டி, சி என்றும் பி, பி1, ஏ என்றும் இருக்கும். ஆர்1 என்பது கைப்பிடியோடு தூக்கிப் போகும் கைக்குழந்தை சீட். ஆர்3 முழு அளவு. சுற்றும் சீட்டுகள் பெரும்பாலும் ஆர்2 அல்லது ஆர்3. உங்கள் அட்டவணையில் பின்சீட்டுக்கு ஆர்1 மட்டும் இருந்தால், சுற்றும் சீட்டைப் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்தது.

சீட் கம்பெனிகளின் தளத்திலும் எந்தக் காருக்கு எது பொருந்தும் என்று பட்டியல் உண்டு. அதைப் பார்க்கும்போது ஒன்று கவனியுங்கள்: அந்தச் சோதனைகள் பல இடப்பக்க ஸ்டியரிங் கார்களில் செய்தவை. நம் காரில் ஓட்டுநர் வலது பக்கம் என்பதால் எந்தப் பக்கத்துக்கு 'சரி' போட்டிருக்கிறார்கள் என்று படித்துவிட்டு நம்புங்கள்.

#3 · பலமாடி

சுற்றும் சீட்டைப் பற்றி இன்னொன்று. அது சுற்றுவதே பக்கத்தில் கதவு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான். கூப்பே பின்சீட்டுக்கு நேரே இருப்பது கண்ணாடியும் தகரமும். சீட்டைத் திருப்பினால் குழந்தை சுவரைப் பார்க்கும். 12 கிலோவுக்கு மேல் கனம், உயர்ந்த அடிப்பாகம், கூடுதல் விலை, எல்லாம் கொடுத்துப் பயன்படாத வசதி.

பக்கம் என்று கேட்டால் இடதுதான். ஓட்டுநர் சீட்டை முன்னால் தள்ள முடியாது, ஓட்டுகிறவருக்கு மார்புக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் குறைந்தது 25 செ.மீ. வேண்டும். முன் பயணி சீட்டைத் தள்ளலாம். அதோடு நம் ஊரில் நடைபாதை இடது பக்கம், குழந்தையை ஏற்றி இறக்கும்போது வண்டிகள் முதுகுப் பக்கம் பாயாது.

ஆனால் உங்கள் உண்மையான தொல்லை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடி கார்நிறுத்துமிடத்தில் ஆரம்பிக்கும். ஒரு கட்டத்தின் அகலம் 2.4 மீட்டர். ஜிஆர்86 அகலம் 1.775 மீட்டர். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 31 செ.மீ., அடுத்த வண்டி தன் கட்டத்தில் விட்ட இடத்தையும் சேர்த்தால் 60 செ.மீ. சொச்சம். நான்கு கதவு காருக்கு அது போதும். இரண்டு கதவு காரின் கதவு நீளம், அதே இடைவெளியில் குறைந்த கோணமே திறக்கும். அந்தக் கோணத்தில் முன்சீட்டை மடித்து, குழந்தையோடு குனிந்து உள்ளே போக முடியாது. வழி: ஏற்றும்போது காரைக் கட்டத்துக்கு வெளியே எடுத்து, அபாய விளக்கு போட்டு, இடது பக்கம் வெட்டவெளி இருக்கும்படி நிறுத்தி ஏற்றுவது. இல்லாவிட்டால் இடது பக்கம் தூணோ சுவரோ இல்லாத ஓரக் கட்டமாகப் பார்ப்பது.

#4 · நீலக்கோடு

சட்டத்தையும் ஒரு வரி வைத்துவிடுவோம், அடுத்து வருகிறவர்கள் வயதைச் சொல்லிக் குழம்புவார்கள். 2012 முதல் இங்கே கணக்கு உயரம்தான்: 1.35 மீட்டருக்குக் குறைவான யாரும் அவருக்குத் தகுந்த குழந்தை சீட்டிலோ பூஸ்டரிலோ இருக்க வேண்டும். மீறினால் ஓட்டுநருக்கு 3 குற்றப்புள்ளி, வழக்கு நீதிமன்றம் போனால் முதல் முறைக்கு 1,000 வெள்ளி (டாலர்) வரை அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை. டாக்சிக்கு விலக்கு உண்டு, செயலியில் அழைக்கும் தனியார் வாடகைக் காருக்குக் கிடையாது. காஸ்வேயைத் தாண்டினாலும் 2020 ஜனவரி 1 முதல் மலேசியாவில் குழந்தை சீட் கட்டாயம்.

'என் காரில் பின்சீட் சின்னது' என்பதற்கு எந்த விலக்கும் இல்லை.

#5 · ஈசூன்86

நன்றி. அப்ப முன் பயணி சீட்டில் பின்னோக்கி வைத்தால் என்ன? இடம் தாராளம், கதவும் பக்கத்திலேயே. ஏர்பேக்கை மட்டும் எப்படியாவது நிறுத்திவிட்டால்?

#6 · நீலக்கோடு

'எப்படியாவது' என்ற சொல்தான் பயமாக இருக்கிறது.

பின்னோக்கிய சீட்டின் ஓடு டேஷ்போர்டுக்குப் பக்கத்தில், ஏர்பேக் மூடிக்கு எதிரே நிற்கும். ஏர்பேக் விரிவது கண்ணிமைக்கும் நேரத்துக்குள். அந்த அடி குழந்தையின் தலை சாய்ந்திருக்கும் ஓட்டின் முதுகில் நேராக விழும். சன்வைசரில் ஒட்டியிருக்கும் சிவப்புக் குறுக்குக்கோட்டுப் படம் இதற்காகத்தான். ஏர்பேக் உயிரோடு இருக்கும் சீட்டில் பின்னோக்கி வைக்கவே கூடாது, பத்து நிமிஷப் பயணமானாலும்.

ஏர்பேக்கை அணைக்க ஒரே வழி, கார் கம்பெனி கொடுத்த சாவி சுவிட்ச். சாவியைத் திருப்பியதும் 'பேசஞ்சர் ஏர்பேக் ஆஃப்' விளக்கு எரிய வேண்டும், ஓட்டும் நேரம் முழுக்க எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சில கார்களில் சாவி இல்லாமல், சீட்டுக்குள் இருக்கும் எடை சென்சார் தானே அணைக்கும். பின்னோக்கிய சீட்டுக்கு அதை நம்பலாம் என்று கையேடு வெளிப்படையாகச் சொன்னால் ஒழிய அந்த வழி வேண்டாம். சீட்டும் குழந்தையும் சேர்ந்த கனம், பெல்ட்டை இழுத்துக் கட்டிய இறுக்கம், எல்லாம் சேர்ந்து சென்சாருக்குப் பெரிய ஆள் போலத் தெரிந்துவிடலாம்.

ஃப்யூஸைப் பிடுங்குவது, சீட்டுக்கடியில் மஞ்சள் கனெக்டரைக் கழற்றுவது, இரண்டும் மடத்தனம். அதே சுற்றில் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ப்ரீடென்ஷனரும் இருக்கலாம், பக்க ஏர்பேக்கும் இருக்கலாம். ஒன்றை அணைக்கப் போய் மூன்றைக் கொன்றுவிடுவீர்கள், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் அணையாது. பிறகு உண்மையான கோளாறு வந்தாலும் தெரியாது.

#7 · செந்தோசா718

நீலக்கோடு சொல்வது பின்சீட் உள்ள காருக்குச் சரி. பின்சீட்டே இல்லாத கார்களும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடக் கூடாது. போர்ஷ 718, மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற இரண்டு சீட் கார்களில் குழந்தைக்கு இடம் என்றால் முன்சீட் ஒன்றுதான்.

718-இல் பயணி சீட்டுக்கான ஐசோஃபிக்ஸ் கொக்கியும் ஏர்பேக் சாவி சுவிட்ச்சும் கூடுதல் பொருளாக வருபவை. பழைய காரை வாங்கினால் அது பூட்டியிருக்கிறதா என்று முதலில் சீட் இடுக்கில் விரல் விட்டுப் பாருங்கள், பிறகு டீலரிடம் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள். பின்னால் பூட்டிக்கொள்ள முடியும் என்றாலும் அது அங்கீகரிக்கப்பட்ட பணிமனை செய்ய வேண்டிய வேலை. கொக்கி, சுவிட்ச், மென்பொருள் எல்லாம் சேர்ந்து வரும். கொக்கியை மட்டும் எங்காவது வாங்கி போல்ட் போடுவது அரைகுறை.

முன்சீட்டில் வைத்தால் பார்க்க வேண்டியவை: சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ள வேண்டும். அப்படியும் பின்னோக்கிய ஓட்டின் விளிம்பு டேஷ்போர்டைத் தொட்டால் அந்த சீட் அந்தக் காருக்கு ஆகாது. சப்போர்ட் லெக் ஊன்றும் இடம் கெட்டியான தரையாக இருக்கணும். ஸ்போர்ட்ஸ் கார்களின் பயணிப் பக்கத்தில் கால் வைக்க நுரைக்கட்டை சாய்வாக வைத்திருப்பார்கள், அதன்மேல் லெக் நின்றால் மோதலில் அமுங்கிவிடும். தடிமனான மேட்டை எடுத்துவிடுங்கள். புதிய ஈஆர்பி (மின்னியல் சாலைக் கட்டண) கருவியின் பெட்டியும் பயணிப் பக்கக் கால் இடத்தில்தான் டேஷ்போர்டுக்குக் கீழ் பொருத்துகிறார்கள். லெக் அவ்வளவு முன்னால் போகாது, ஆனால் பெரிய பிள்ளை காலை ஆட்டி உதைக்கும் தூரத்தில் ஒயர் தொங்கக் கூடாது.

குழந்தை முன்னோக்கி உட்காரும் வயதுக்கு வந்ததும் ஏர்பேக் விஷயம் மாறும். முன்னோக்கிய சீட்டுக்கு ஏர்பேக்கை அணை என்று சில கார் கம்பெனி சொல்லும், விட்டுவைத்து சீட்டைக் கடைசி வரை பின்தள்ளு என்று சில சொல்லும். பொதுவிதி கிடையாது, உங்கள் காரின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான். பெரியவர் ஏறும்போது சாவியைத் திரும்ப ஆன் பக்கம் திருப்ப மறப்பது இரண்டு சீட் கார்களில் அடிக்கடி நடக்கும் தப்பு.

#8 · நீலக்கோடு

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஈசூன்86-க்கு அது விடையாகாது. பின்னால் ஐசோஃபிக்ஸும் டாப் டெதரும் (சீட்டின் மேல்பகுதியைப் பின்னால் இழுத்துக் கட்டும் பட்டைக்கான வளையம்) உள்ள காரில் கைக்குழந்தையை முன்னால் கொண்டுவரக் காரணம் பெற்றோரின் இடுப்பு வலி மட்டும்தான்.

#9 · செந்தோசா718

இடுப்பு வலியும் காரணம்தான். குனிந்து பார்க்க முடியாமல் ஹார்னஸை (குழந்தையைச் சீட்டோடு கட்டும் பட்டைகளை) தளர்வாக விட்டுவிடுகிற பின்சீட்டைவிட, ஏர்பேக் சரியாக அணைந்து, நேரே நின்று இறுக்கிப் பூட்டிய முன்சீட் மேல். ஆனால் உங்கள் காரில் சாவி சுவிட்ச் இல்லையென்றால் இந்த வாதத்துக்கே இடமில்லை, பின்சீட்தான்.

#10 · திருகாணி

செந்தோசா718 சொன்ன ஹார்னஸ் விஷயம்தான் கூப்பேயில் சீட் தேர்வையே முடிவு செய்கிறது.

பின்னோக்கிய சீட்டில் ஹார்னஸை இறுக்கும் பட்டை குழந்தையின் கால் பக்கம் இருக்கும். அதாவது காரின் சாய்மானத்தை ஒட்டி. கூப்பேயில் நீங்கள் முன்கதவு வழியாகத் தலையை நுழைத்து, சீட்டின் ஓட்டைத் தாண்டிக் கையை நீட்டி அதை இழுக்க வேண்டும். ஹார்னஸின் தோள்மேல் வரும் பட்டை முறுக்கியிருப்பதும் தெரியாது, பக்கிள் முழுசாக விழுந்ததா என்றும் பார்க்க முடியாது. நிரந்தரமாகப் பூட்டிய பெரிய சீட் கைக்குழந்தைக்கு வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்.

கைப்பிடி உள்ள ஆர்1 தொட்டில் சீட் வாங்குங்கள். வீட்டிலேயே, மேசை வெளிச்சத்தில், குழந்தையைப் படுக்கவைத்து ஹார்னஸ் இறுக்கிக் கொண்டுவந்து, காரில் பூட்டியே இருக்கும் அடிப்பாகமான பேஸில் க்ளிக் செய்ய வேண்டியதுதான். பின்னோக்கி உட்காரும்போது ஹார்னஸின் தோள் பட்டை தோளின் உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ தொடங்க வேண்டும். தோளருகே பட்டையை விரலால் கிள்ளினால் மடிப்பு பிடிபடக் கூடாது. பிடிபட்டால் இன்னும் இழுக்க வேண்டும்.

ஆர்129 (குழந்தை சீட்டுகளுக்கான இப்போதைய தர விதி) முத்திரை உள்ள தொட்டில் சீட்டுகள் பலவும் 40 செ.மீ.யிலிருந்து ஏறக்குறைய 85 செ.மீ. உயரம் வரை போகும். அதாவது முதல் ஒரு வருஷமும் அதற்கு மேலும். கணக்கில் சேர்க்க மறக்கும் விஷயம் கனம்: சீட் 4, 5 கிலோ, பத்து மாதக் குழந்தை 8, 9 கிலோ. 13 கிலோவை வளைந்து உள்ளே கொண்டுபோவது முதுகுக்கு ஆகாது. அந்தக் கட்டத்தில் தொட்டிலைக் காரிலேயே விட்டுவிட்டு குழந்தையை மட்டும் தூக்குங்கள். கழுத்து நின்றபின் அது எளிது.

அந்தத் தொட்டிலின் அகலத்தை வாங்கும் முன்பே அளந்துகொள்ளுங்கள். ஐ-சைஸ் (ஆர்129-க்குள் வரும் ஒரு வகை) சீட்டின் உச்ச அகலம் 44 செ.மீ. முன்சீட்டை மடித்து முன்னால் தள்ளியபின் சாய்மானத்துக்கும் கதவுத்தூணுக்கும் இடையே எவ்வளவு கிடைக்கிறது என்று டேப் வைத்துப் பாருங்கள். கைப்பிடியை மடக்கி, குறுக்காகச் சாய்த்து நுழைக்க வேண்டியிருக்கும். வெறும் சீட்டோடு நாலு தடவை பழகினால் கை தானே போகும். கடைக்காரர் காருக்கு வந்து வைத்துப் பார்க்க விடமாட்டார் என்றால் வேறு கடைக்குப் போங்கள். அளக்காமல் வாங்கிய சீட் கரூசெல்லில் (பழைய பொருள் விற்கும் தளம்) பாதி விலைக்குத்தான் போகும்.

#11 · பலமாடி

பொருத்தும்போது என்ன கெடும் என்று தனியாகச் சொல்லுங்க திருகாணி, அதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

#12 · திருகாணி

முதலில் சாய்வு. 2+2 கார்களின் பின்சீட் பஞ்சு முன்விளிம்பு உயர்ந்து, சாய்மானத்தை நோக்கிச் சரிந்து கிண்ணம் போல இருக்கும். பின்னோக்கிய சீட்டில் குழந்தையின் தலை காரின் முன்பக்கம் இருக்கிறது. அந்த முன்விளிம்பு தூக்கினால் சீட் நிமிர்ந்துவிடும், பச்சைக்குழந்தையின் நாடி மார்பில் இடிக்கும். மூச்சுக்குழாய் மடங்குவது இப்படித்தான். பிறந்த குழந்தைக்குத் தரைமட்டத்திலிருந்து ஏறக்குறைய 45 பாகை வேண்டும். சீட்டின் பக்கத்தில் கோடோ நீர்மட்டக் குமிழோ இருந்தால் காரைச் சமதரையில் நிறுத்திப் பாருங்கள். பலமாடியின் சரிவுப் பாதையில் நிறுத்திப் பார்த்தால் பொய்க் கணக்கு. துண்டைச் சுருட்டி அடியில் வைப்பதற்கு அந்த சீட்டின் கையேடு அனுமதி தரணும். ஐரோப்பிய முத்திரை சீட்டுகளில் பெரும்பாலும் தராது. சப்போர்ட் லெக் உள்ள பேஸ் இங்கே உதவும்: லெக் உயரத்தை ஒரு படி ஏற்றி இறக்கினால் சாய்வு கொஞ்சம் மாறும். ஆனால் லெக் தரையில் அழுந்த நிற்க வேண்டும், பேஸைப் பஞ்சிலிருந்து தூக்கிவிடவும் கூடாது. காட்டி பச்சையாக இருப்பது அதற்குத்தான். லெக்குக்குக் கீழே தரைக்கடிப் பெட்டி இருக்கும் காராக இருந்தால் அந்த இடத்தில் லெக் வைக்கக் கூடாது.

பேஸ் பூட்டும் வரிசை: முன்சீட்டை முழுக்க முன்னால் தள்ளுங்கள். ஐசோஃபிக்ஸ் கைகளைக் கடைசி வரை நீட்டுங்கள். தோல் சீட்டில் இடுக்கு இறுக்கமாக இருக்கும், சீட்டோடு வரும் பிளாஸ்டிக் வழிகாட்டியைக் கம்பியில் மாட்டினால் தோல் கிழியாது. கார் பெல்ட்டின் பக்கிள் அடியில் மாட்டிக்கொள்ளாமல் ஓரம் ஒதுக்குங்கள். இரண்டு கையும் தனித்தனியே க்ளிக் ஆக வேண்டும், இரண்டு காட்டியும் பச்சை. ஒன்று மட்டும் விழுந்து மற்றது கம்பிக்குக் கீழே சறுக்கி நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. அதனால் ஒவ்வொரு பக்கத்தையும் தனியாக இழுத்துப் பாருங்கள். பிறகு பேஸைச் சாய்மானத்தை நோக்கிக் கறகற சத்தம் நிற்கும் வரை தள்ளி, கடைசியில் லெக்கை இறக்குங்கள். லெக்கை முதலில் இறக்கிவிட்டுத் தள்ளினால் அது சாய்ந்து நிற்கும்.

முன்சீட்டை இப்போது பின்னால் கொண்டுவாருங்கள். தொட்டிலின் ஓடு முன்சீட் முதுகைத் தொடலாமா? சில கம்பெனி தொடலாம் என்கிறது, சில விரல் இடைவெளி கேட்கிறது. நெருக்கி அழுத்துவது மட்டும் எந்தக் கையேட்டிலும் இராது. முன்சீட்டில் ஆள் ஏறியதும் சீட் சாய்ந்து அழுத்துகிறதா என்று ஆளை உட்காரவைத்துப் பாருங்கள், வெறும் சீட்டோடு பார்த்தால் தெரியாது.

பெல்ட்டால் கட்டும் வகையானால்: பின்னோக்கிய சீட்டுக்கு நீல நிற வழி, முன்னோக்கியதற்குச் சிவப்பு. மடிப் பெல்ட்டை முதலில் இறுக்கி, அந்தத் தளர்ச்சியைத் தோள் பெல்ட் வழியே வெளியே இழுக்க வேண்டும். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கார்களில் இரண்டு இடைஞ்சல்: பெல்ட் நீளம் போதாமல் பக்கிள் வரை வராது, அல்லது பக்கிளின் தண்டு உயரமாக நின்று சீட்டின் விளிம்பில் மடங்கி அழுந்தும். பக்கிள் விளிம்பில் படுத்தால் மோதலில் உடையவோ திறக்கவோ கூடும். அதற்குக் கைவைத்தியம் எதுவும் தேட வேண்டாம், வேறு சீட் பாருங்கள்.

#13 · காலாங்_கியர்

ஒரு துணைக்கேள்வி. முன்சீட்டை ரேசிங் பக்கெட் சீட்டாக மாற்றி, நாலுமுனைப் பட்டை போட்டிருக்கும் காரில்? பட்டையைச் சின்னதாக்கிப் பிள்ளையையும் கட்டலாமா?

#14 · நீலக்கோடு

கூடாது. அந்தப் பட்டை பெரியவர் தோளுக்கும் இடுப்பெலும்புக்கும் அளவெடுத்தது. சின்ன உடம்பில் மடிப்பட்டை வயிற்றுக்கு ஏறிவிடும். மாற்றுப் பக்கெட்டில் ஐசோஃபிக்ஸ் கிடையாது. பக்கத் திட்டுகள் ஆழமாக இருப்பதால் குழந்தை சீட்டின் அடிப்பாகம் திட்டுகளின் மேல் பாலம் போல உட்காரும், நடுவில் வெற்றிடம். கார் பிரேக் போட்டாலே வழுக்கும். கம்பெனி சீட்டிலும் இது உண்டு: அடியில் கையை விட்டுப் பாருங்கள், பேஸ் பஞ்சில் படிந்திருக்கணும். பின்னால் பட்டை மாட்டக் குறுக்குக்கம்பி போட்டிருந்தால் பின்சீட்டில் எந்தக் குழந்தையையும் ஏற்றாதீர்கள், தலை போய் மோதும் இடத்தில் இரும்பு.

#15 · ஈசூன்86

தொட்டில் சீட் முடிவாகிவிட்டது. அதற்கு அடுத்தது? முன்னோக்கித் திருப்பும்போது இடம் கிடைக்கும்தானே?

#16 · திருகாணி

நீளம் கிடைக்கும், உயரம் போகும்.

எப்போது திருப்பலாம் என்பதற்கு ஆர்129 சொல்வது 15 மாதம் கடந்திருக்க வேண்டும். அது குறைந்தபட்சம், அன்றே திருப்ப வேண்டிய தேதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கைக்குழந்தையின் தலை உடம்பு நீளத்தில் கால் பங்கு, கழுத்தெலும்பு முழுதும் கெட்டிப்படவில்லை. முன்னோக்கி இருந்தால் மோதலில் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னே பாயும். பின்னோக்கி இருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் ஓடு ஏந்தும். கார் இடம் கொடுக்கும் வரை பின்னோக்கியே வைப்பது நல்லது. கால் மடங்குவது பற்றிக் கவலை வேண்டாம், பிள்ளைகள் சம்மணம் போட்டுக்கொள்வார்கள்.

முன்னோக்கிய சீட்டுக்கு கூப்பேயில் எதிரி பின்கண்ணாடி. அது சரிந்து இறங்கி, பின்சீட்டில் இருப்பவரின் தலைக்கு மேலேயே வருகிறது. சீட்டின் ஹெட்ரெஸ்டை ஒவ்வொரு படியாக உயர்த்தி, கடைசிப் படியில் கண்ணாடியையோ கூரையையோ தொடுகிறதா என்று பாருங்கள். நாலாவது படியில் முட்டினால், நாலாவது படி தேவைப்படும் உயரத்தில் அந்த சீட்டின் ஆயுள் உங்கள் காரில் முடிந்துவிடும், பெட்டியில் எத்தனை வயது போட்டிருந்தாலும் சரி. எஃப்3-ஐ விட எஃப்2, எஃப்2எக்ஸ் குட்டை, அதைப் பாருங்கள்.

டாப் டெதர் பட்டை கட்டாயம். அது இல்லாமல் ஐசோஃபிக்ஸ் கம்பியை அச்சாக வைத்து சீட் முன்னால் கவிழும். மாட்ட வேண்டியது கையேடு காட்டும் டெதர் வளையத்தில். சாமான் கட்டும் கொக்கியும் பக்கத்திலேயே இருக்கலாம், அது அந்த இழுப்பைத் தாங்காது. ஜிஆர்86-இன் பின் சாய்மானம் ஒரே துண்டாக மடிவது, இரண்டு பக்கமும் பூட்டு விழுந்ததா என்று இழுத்துப் பார்த்துவிட்டே டெதரை இறுக்குங்கள். முன்னோக்கிய நிலையில் ஹார்னஸின் தோள் பட்டை தோளின் உயரத்திலோ சற்று மேலோ தொடங்கணும், பின்னோக்கியதற்கு நேர் எதிர்.

ஒரு எடைக் கணக்கும் உண்டு. ஹார்னஸ் உள்ள ஐ-சைஸ் சீட்டில் சீட்டும் பிள்ளையும் சேர்ந்து 33 கிலோவைத் தாண்டக் கூடாது. 15 கிலோ சீட் வாங்கினால் பிள்ளைக்கு மிச்சம் 18. கனமான சீட் கெட்டி என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

#17 · பலமாடி

பூஸ்டர் வயதில் இந்த வகைக் கார்களில் பாதிப் பேர் முதுகில்லாத பலகையை வைத்துவிடுகிறார்கள், கூரை தட்டாது என்று. ஆர்129-இல் முதுகில்லாத பூஸ்டர் 125 செ.மீ.க்கு மேல்தான். அதற்குக் கீழே தோள் பெல்ட் கழுத்தில் ஏறும், பக்கவாட்டு மோதலுக்குத் தடுப்பும் இல்லை. முன்சீட்டோடு வார்த்த ஹெட்ரெஸ்ட் உள்ள கார்களில் இன்னொரு தொல்லை: முதுகுள்ள பூஸ்டரை அது முன்னால் தள்ளி, பின்னால் பொந்து விடும். சாய்மானத்தை ஒரு படி சாய்த்தால் சில நேரம் படியும். படியாவிட்டால் ஆகாது.

வெயிலையும் சொல்லிவிடுகிறேன். சரிந்த பின்கண்ணாடிக்குக் கீழே இருப்பது குழந்தையின் முகம். பக்கிளின் இரும்பு நண்பகலில் சுடும், ஏற்றும் முன் தொட்டுப் பாருங்கள், நிறுத்தும்போது வெள்ளைத் துணி போட்டு மூடுங்கள். கண்ணாடிக்குப் படலம் ஒட்டுவதானால் நிலப் போக்குவரத்து ஆணைய விதி: முன்கண்ணாடியும் முன்பக்கக் கண்ணாடிகளும் குறைந்தது 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும், பின்பக்கமும் பின்கண்ணாடியும் 25 விழுக்காடு. பின்சீட்டில் குழந்தையை வைப்பதற்கு இது ஒரு லாபம். இரண்டு சீட் காரில் 70-ஐத் தாண்டிக் கறுப்பாக்க முடியாது.

#18 · காலாங்_கியர்

பழைய சீட் வாங்கலாமா? விலை கடித்துக் குதறுகிறது.

#19 · நீலக்கோடு

ஆரஞ்சு ஒட்டுவில்லை இருக்கிறதா பாருங்கள். ஆர்129-க்கு முந்திய ஆர்44 விதிப்படி வந்த சீட்டானால் அங்கீகார எண் 03 அல்லது 04 என்று தொடங்க வேண்டும். 01, 02 என்றால் மிகப் பழசு. ஐரோப்பாவில் ஆர்44 சீட்டுகளின் விற்பனையை 2024 செப்டம்பரோடு நிறுத்திவிட்டார்கள், அதனால் பழைய சந்தையில் மலிவாக நிறைய வரும். மலிவு என்பதாலேயே தள்ள வேண்டியதில்லை. ஓட்டின் அடியில் தயாரித்த தேதி, கையேடு, டெதர் பட்டை, பச்சைக்குழந்தைக்கான உள்மெத்தை, நான்கும் இருக்க வேண்டும். மோதலில் இருந்த சீட்டா என்பதை விற்பவர் வாயால்தான் அறிய முடியும், அதனால் தெரிந்தவரிடம் மட்டும் வாங்குங்கள்.

#20 · ஈசூன்86

அளந்தாச்சு. கையேட்டையும் பார்த்தாச்சு. இடது பின்சீட், ஆர்1 தொட்டில், லெக் உள்ள பேஸ். ஒரு கடையில் காரிலேயே வைத்துப் பார்க்க விட்டார்கள்: முன் பயணி சீட் முக்கால்வாசி முன்னால் வந்துவிட்டது, அதில் மனைவி உட்கார்ந்தால் முட்டி டேஷ்போர்டைத் தொடுகிறது. அவர் எங்கே உட்கார?

#21 · செந்தோசா718

முட்டி தொடும் நிலையில் முன்னால் உட்காரவைக்காதீர்கள், ஏர்பேக்குக்கும் மார்புக்கும் இடைவெளி போய்விடும். அவர் ஓட்டட்டும். நீங்கள் எம்ஆர்டி ரயிலில் வாருங்கள்.

#22 · பலமாடி

சிரிப்புக்குச் சொன்னாலும் அதுதான் கணக்கு. இந்தக் காரில் பின்னோக்கிய குழந்தை இருந்தால் ஒரு பெரியவர் வசதி, இரண்டாமவர் குட்டையாக இருந்தால் உண்டு. பேஸ் இல்லாமல் தொட்டிலை மட்டும் வைத்துப் பாருங்கள், சில தொட்டில்கள் பெல்ட்டால் கட்டும்போது இரண்டு மூன்று செ.மீ. உள்ளே தள்ளி உட்காரும். அது போதுமானதாக இருக்கலாம்.

#23 · ஈசூன்86

சரி, அதையும் பார்க்கிறேன். பாட்டியும் சேர்ந்து கோவிலுக்குக் கிளம்பினால்?

#24 · திருகாணி

டாக்சி. அதனால்தான் வாங்கும்போதே ஒட்டுவில்லையைப் படியுங்கள்: பேஸ் இல்லாமல், மூன்றுமுனைப் பெல்ட்டால் கட்டவும் அங்கீகாரம் உள்ள தொட்டிலா என்று. சில தொட்டில்கள் பேஸோடு மட்டும்தான். பெல்ட் வகை என்றால் அதே தொட்டிலைத் தூக்கிக்கொண்டு டாக்சியின் பின்சீட்டில் மடிப் பெல்ட்டை நீல வழியிலும் தோள் பெல்ட்டை ஓட்டின் முதுகைச் சுற்றியும் போட்டு இறுக்கினால் ஆச்சு. டாக்சிக்கு விலக்கு சட்டத்தில்தான் இருக்கிறது, குழந்தையின் கழுத்துக்கு அது தெரியாது. கட்ட ஒரு நிமிஷம் ஆகும். மீட்டர் ஓடட்டும்.